மொட்டை மாடியிலிருந்து ஒரு நட்சத்திரத்தின் பிறப்பும் சாவும்: முழுமையான வழிகாட்டி

ராயபுரத்தில் எங்கள் வீட்டு மொட்டை மாடியில் ஏறினால் கிழக்கே துறைமுகத்து விளக்குகள் கண்ணைப் பறிக்கும். இருட்டு என்று சொல்லும்படியான இருட்டே எங்கள் பக்கம் கிடையாது. இருந்தும், தை மாதத்து இரவில் அதே மாடியில் நின்றபடி, ஒரு நட்சத்திரம் கருவாவதிலிருந்து செத்துப்போவது வரை எல்லாக் கட்டங்களையும் வானத்தின் ஒரே மூலையில் காட்டிவிடலாம். பக்கத்துத் தெருப் பிள்ளைகளுக்கு வருடாவருடம் காட்டிக்கொண்டிருக்கிறேன். அந்த வரிசையைத்தான் இங்கே எழுதுகிறேன்.

நட்சத்திரங்களின் ஆயுள் கோடிக்கணக்கான வருடம். ஒன்றைக்கூடப் பிறப்பிலிருந்து கடைசி வரை உட்கார்ந்து பார்க்க மனிதனுக்கு முடியாது. ஆனால் காலையில் ஒரு மணி நேரம் எங்கள் தெருமுனையில் நில்லுங்கள். இடுப்பில் குழந்தை, புத்தகப் பை சுமக்கும் பையன், வலை தூக்கிப் போகும் வாலிபன், வாசற்படியில் உட்கார்ந்திருக்கும் ஆயா, என்றைக்காவது ஒரு சாவு மேளம். யாரையும் எழுபது வருடம் பின்தொடராமலேயே மனித வாழ்க்கை இன்னதென்று புரிந்துவிடும். வானியலாளர்கள் செய்வதும் இதுதான்: வெவ்வேறு வயதில் இருக்கும் நட்சத்திரங்களைப் பார்த்து வரிசைப்படுத்துகிறார்கள்.

பார்க்கப் போகும் முன் ஒன்றை மட்டும் மனதில் வையுங்கள். நட்சத்திரத்தின் வாழ்க்கை முழுக்க ஒரே மல்லுக்கட்டு. அதன் சொந்த எடை எல்லாவற்றையும் மையத்தை நோக்கி இழுக்கிறது. உள்ளே இருக்கும் ஏதோ ஒன்று அதை வெளியே தள்ளுகிறது. அந்த ‘ஏதோ ஒன்று’ எது என்பதுதான் ஒவ்வொரு கட்டத்திலும் மாறும்.

படி 1: நேரமும் திசையும்

வடகிழக்குப் பருவமழை ஓய்ந்த பிறகு, ஜனவரி நடுவிலிருந்து பிப்ரவரி கடைசி வரை. நிலா இல்லாத நாளாகப் பாருங்கள். இரவு 8 மணிக்குக் கடலை நோக்கி நில்லுங்கள். விளக்குகள் நேராகக் கண்ணில் விழாதபடி தண்ணீர்த் தொட்டியின் மறைவில் நின்று, செல்போனை உள்ளே வைத்துவிட்டுக் கால் மணி நேரம் பொறுங்கள். கண் பழகிவிடும்.

கிழக்கே நல்ல உயரத்தில் மூன்று நட்சத்திரங்கள் நெருக்கமாக ஒரே கோட்டில் நிற்கும். அதுதான் ஓரியன் என்ற வேட்டைக்காரனின் இடைவார். அதற்கு இடப்பக்கம் சிவந்து தெரிவது திருவாதிரை. வலப்பக்கம் நீலவெள்ளையாக ஒளிர்வது ரைஜல். இடைவாரின் கோட்டை மேல்நோக்கி நீட்டினால் ஆரஞ்சு நிற ரோகிணி, இன்னும் போனால் கொத்தாகக் கார்த்திகை. கீழ்நோக்கி நீட்டினால் வானத்திலேயே மிகப் பிரகாசமான நட்சத்திரமான சிரியஸ். (பிப்ரவரியில் இதே நேரத்தில் ஓரியன் கிட்டத்தட்ட உச்சிக்கு வந்துவிடும். அப்போது இடம் வலம் என்று பார்க்காமல் நிறத்தை வைத்து அடையாளம் காணுங்கள்.)

இவ்வளவுதான் வரைபடம். ஒரு குறைந்த விலை பைனாகுலர் இருந்தால் நல்லது, இல்லாவிட்டாலும் குறைவில்லை.

படி 2: கரு

இடைவாரிலிருந்து வலப்பக்கமாக, மங்கலான சில புள்ளிகள் வாள் போலத் தொங்கும். அதன் நடுப்புள்ளி மட்டும் கூர்மையாக இல்லாமல், ஈரத்துணியால் துடைத்துவிட்டதுபோலத் தெரியும். அது ஓரியன் நெபுலா, வாயுவும் தூசியும் சேர்ந்த ஒளிரும் மேகம். சுமார் 1,300 ஒளியாண்டு தொலைவில் இந்த நிமிடமும் நட்சத்திரங்கள் பிறந்துகொண்டிருக்கும் இடம். ஒளியாண்டு என்பது ஒளி ஒரு வருடத்தில் கடக்கும் தூரம், ஏறக்குறைய 9.5 லட்சம் கோடி கிலோமீட்டர்.

நெபுலா ஒளிர்வது உள்ளே இருக்கும் இளம் நட்சத்திரங்களால். அதன் பின்னால் கண்ணுக்குத் தெரியாமல் பரந்து கிடக்கும் இருண்ட மேகம்தான் மூலப்பொருள். எடையில் முக்கால் பங்கு ஹைட்ரஜன், மீதியில் பெரும்பகுதி ஹீலியம், மற்ற எல்லாத் தனிமங்களும் சேர்ந்து நூற்றில் ஒன்றிரண்டு பங்கு. குளிரோ பூஜ்யத்துக்குக் கீழே 260 டிகிரி செல்சியஸ். நம் மாடியில் ஒரு கற்கண்டு அளவுக் காற்றில் இரண்டரை லட்சம் கோடி கோடி மூலக்கூறுகள் இருக்கும். அந்த மேகத்தில் அதே அளவு இடத்தில் சில நூறோ சில ஆயிரமோதான். ‘மேகம்’ என்று சொல்கிறோமே தவிர, பூமியில் நாம் உண்டாக்கும் வெற்றிடங்களில் பலவும் அதைவிட நெரிசலானவை.

அவ்வளவு மெலிதான ஒன்று எப்படி நட்சத்திரமாகிறது? அளவு பெரியது, குளிர் அதிகம் என்பதால்தான். வெப்பம் இருந்தால் மூலக்கூறுகள் ஓடியாடி வெளியே தள்ளும். குளிர்ந்து கிடக்கும் மேகத்தில் அந்தத் தள்ளல் குறைவு. பக்கத்தில் ஒரு நட்சத்திரம் வெடித்த அதிர்வோ, இரண்டு மேகங்களின் மோதலோ ஒரு பகுதியைச் சற்று அழுத்திவிட்டால் போதும், அங்கே ஈர்ப்பின் கை ஓங்கிவிடும். பிறகு அந்தப் பகுதி தன்மேலேயே இடிந்து விழத் தொடங்கும். ஒரு மேகத்தில் இப்படிப் பல இடங்களில் நடப்பதால் நட்சத்திரங்கள் பெரும்பாலும் கூட்டமாகவே பிறக்கின்றன.

படி 3: பிறப்பு, கூடவே ஒரு தட்டு

சரிந்து விழும் வாயு சுருங்கச் சுருங்கச் சூடாகும். சைக்கிளுக்குக் காற்றடிக்கும்போது பம்பின் அடிப்பகுதி சுடுகிறதே, அதே கதை. மையத்தில் திரளும் இந்தச் சூடான உருண்டைதான் முன்நட்சத்திரம். இன்னும் அடுப்பு பற்றவில்லை. விழும் பொருளின் வேகம்தான் வெப்பமாகிறது.

மேகம் முதலிலேயே கொஞ்சம் சுழன்றுகொண்டிருக்கும். சுருங்கும்போது சுழற்சி வேகமெடுக்கும். சுழலும் நாற்காலியில் கைகளை விரித்து உட்கார்ந்து சுற்றிவிட்டு, கைகளைச் சட்டென மார்போடு சேர்த்துப் பாருங்கள், தெரியும். ஆனால் உருண்டை ஏன் தட்டையாகிறது என்பதுதான் பிள்ளைகள் எப்போதும் கேட்கும் கேள்வி. திருவொற்றியூர் கோயிலில் விசேஷ நாளில் பிராகாரம் சுற்றியிருக்கிறீர்களா? குறுக்கே போகிறவர், எதிரே வருகிறவர் எல்லோரும் இடிபட்டு இடிபட்டுக் கடைசியில் ஒரே திசையில் நகரும் கூட்டத்தோடு சேர்ந்துவிடுவார்கள். வாயுவும் அப்படித்தான். மேலும் கீழுமாக ஓடும் ஓட்டங்கள் ஒன்றோடொன்று மோதி அடங்கிவிடும். சுற்றிவரும் ஓட்டம் மட்டும் நிலைக்கும். விளைவு, நடுவில் நட்சத்திரக் குழந்தை, சுற்றிலும் தோசைபோலத் தட்டையான ஒரு வட்டு.

இது கற்பனைப் படம் அல்ல. ஓரியன் நெபுலாவில் இப்படிப்பட்ட வட்டுகளை ஹப்பிள் தொலைநோக்கி 1990களில் படமெடுத்தது. 2014-இல் சிலி நாட்டின் அடகாமா பாலைவனத்தில் உள்ள ஆல்மா தொலைநோக்கி, ‘ஹெச்எல் டவ்ரி’ என்ற இளம் நட்சத்திரத்தைப் பார்த்தபோது வட்டில் வளையம் வளையமாக இடைவெளிகள் தெரிந்தன. கோள்கள் உருவாகும்போது தங்கள் பாதையைச் சுத்தம் செய்வதால் வந்த தடங்கள் அவை என்பது பரவலான விளக்கம். அந்தக் குழந்தைக்கு வயது பத்து லட்சம் வருடம்கூட இல்லை. வானத்தில் அது இருப்பது ரோகிணியை ஒட்டிய இடத்தில். ரோகிணி 65 ஒளியாண்டில் நிற்கும் கிழவி; அவள் தோளுக்குப் பின்னால், 450 ஒளியாண்டு தள்ளி, இந்தத் தொட்டில். கண்ணுக்குத் தெரியாது, ஆனால் அந்தத் திசையைப் பார்த்தபடி இதைச் சொல்லும்போது எனக்கு ஒவ்வொரு முறையும் சிலிர்க்கிறது.

படி 4: கோள்கள்

கட்டிலுக்கடியில் ஒரு மாதம் பெருக்காமல் விட்டால் தூசி உருண்டை உருண்டையாகச் சேர்ந்திருக்கும். யாரும் உருட்டவில்லை, ஒன்றை ஒன்று பற்றிக்கொண்டது. வட்டில் உள்ள நுண்தூசியும் இப்படி ஒட்டி ஒட்டிக் கூழாங்கல் அளவுக்கு வளர்கிறது. இதற்குப் பிறகுதான் சிக்கல். ஒரு மீட்டர் அளவை நெருங்கும் கல், வட்டில் உள்ள வாயுவை எதிர்த்து ஓட வேண்டியிருப்பதால் வேகம் இழந்து, நட்சத்திரத்தை நோக்கிச் சுருண்டு போய் விழுந்துவிடும். அப்படியானால் பூமி எப்படி வந்தது?

இப்போது பெரும்பாலோர் ஏற்கும் பதில், எண்ணூர் சாலையில் கன்டெய்னர் லாரிகள் போகும் விதத்தை ஒத்தது. முன்னால் போவது காற்றைப் பிளக்க, பின்னால் வருபவை சிரமமில்லாமல் வந்து சேர்ந்துகொள்ளும். சற்று நேரத்தில் நீண்ட கூட்டமாகிவிடும். கூழாங்கற்களும் இப்படித் திரண்டு, திரள் கனத்ததும் தன் ஈர்ப்பாலேயே ஒரே மூச்சில் இடிந்து, பல கிலோமீட்டர் அகலமுள்ள பாறைகளாகிவிடுகின்றன. ஒரு மீட்டர் என்ற கண்டத்தைத் தாவியே கடந்துவிடுகின்றன. அதன் பிறகு மோதலும் சேர்க்கையும்தான்.

எந்த இடத்தில் எந்தக் கோள் என்பதை உறைபனி எல்லை தீர்மானிக்கிறது. நட்சத்திரத்துக்கு அருகே தண்ணீர் ஆவியாகவே இருக்கும். கல்லும் உலோகமும் மட்டுமே திடமாக மிஞ்சும். அவை குறைவு, அதனால் கோள்களும் சிறியவை: புதன், வெள்ளி, பூமி, செவ்வாய். செவ்வாய்க்கும் வியாழனுக்கும் நடுவே இருந்த எல்லையைத் தாண்டினால் பனிக்கட்டியும் சேர்ந்துகொள்ளும், கோளின் கரு சட்டென்று பெருத்துவிடும். பூமியைப் போலப் பத்து மடங்கு அளவுக்குக் கனத்துவிட்டால் சுற்றியுள்ள ஹைட்ரஜனையே வாரி இழுக்கத் தொடங்கும். வியாழன் இப்படித்தான் பூமியைப் போல 318 மடங்கு எடைக்கு வளர்ந்தது. அவசரமும் உண்டு. வட்டில் உள்ள வாயு சில பத்து லட்சம் ஆண்டுகளில் கலைந்துபோகும். அதற்குள் வளர்ந்தால்தான் உண்டு. பாறைக் கோள்களுக்கு அந்த நெருக்கடி இல்லை, பூமி பல கோடி ஆண்டுகள் எடுத்துக்கொண்டது. செவ்வாய் அளவுள்ள ஒரு பொருள் அதன்மேல் மோதித் தெறித்த சிதறலிலிருந்து நிலா வந்தது என்பதே இன்று மிக வலுவான விளக்கம்.

நம் சூரியக் குடும்பத்தின் வயது எப்படித் தெரியும்? விண்கற்களில் உள்ள மிகப் பழைய வெண்துகள்களை, யுரேனியம் ஈயமாக மாறும் கணக்கை வைத்து அளந்தார்கள்: 456.7 கோடி ஆண்டுகள்.

படி 5: வாலிபம்

இடைவாரிலிருந்து ரோகிணி வழியாகக் கார்த்திகைக்குப் போங்கள். ‘அறுமீன்’ என்று பழைய தமிழ் சொன்ன கூட்டம். எங்கள் பிள்ளைகள் ஆறு எண்ணிவிடுவார்கள். பைனாகுலரில் பல பத்து தெரியும். ஒரே மேகத்தில் ஒன்றாகப் பிறந்த உடன்பிறப்புகள், வயது சுமார் 10 கோடி. நட்சத்திரத்தின் மையத்தில் இருக்கும் கருவின் வெப்பம் ஒரு கோடி டிகிரியைத் தாண்டியதும் ஹைட்ரஜன் அணுக்கருக்கள் இணைந்து ஹீலியமாகின்றன. அடுப்பு பற்றிவிட்டது. உள்ளிருந்து தள்ளும் வெப்பமும் உள்ளே இழுக்கும் எடையும் சமமாகிவிடும். காற்றடைத்த கால்பந்துபோல விறைப்பாக நிற்கும். சூரியனுக்குள் ஒவ்வொரு நொடியும் சுமார் 60 கோடி டன் ஹைட்ரஜன் இப்படி மாறுகிறது. அதில் 40 லட்சம் டன் எடை ஒளியாகவும் வெப்பமாகவும் ஆகிவிடுகிறது. இதை ‘எரிகிறது’ என்று பேச்சில் சொல்லலாம், ஆனால் விறகு எரிவதுபோல ஆக்சிஜனோடு நடக்கும் எரிதல் அல்ல.

சேர்ந்த எடை சூரியனின் நூற்றில் எட்டுப் பங்குக்கும் குறைவென்றால் இந்த அடுப்பு பற்றவே பற்றாது. பழுப்புக் குள்ளன் என்ற பெயரோடு மெல்ல ஆறிப்போகும்.

எடைதான் தலையெழுத்து. கன்டெய்னர் லாரிக்கு டேங்க் பெரிது, ஆனால் மைலேஜ் கிடையாது. டிவிஎஸ் ஃபிஃப்டிக்கு டேங்க் சிறிது, ஒரு லிட்டரை வைத்துக்கொண்டு நாள் முழுக்க ஓடும். சூரியனைப் போல 10 மடங்கு எடையுள்ள நட்சத்திரம் ஆயிரக்கணக்கான மடங்கு பிரகாசமாக ஒளிர்ந்து, 2 அல்லது 3 கோடி வருடத்தில் எரிபொருளைத் தீர்த்துவிடும். சூரியனுக்கு மொத்தம் சுமார் 1,000 கோடி வருடம். நமக்கு மிக அருகில், 4.2 ஒளியாண்டில் இருக்கும் ப்ராக்சிமா போன்ற சிறு சிவப்பு நட்சத்திரங்களுக்கோ லட்சம் கோடி வருடக் கணக்கு. பிரபஞ்சத்தின் வயதே 1,380 கோடிதான் என்பதால், அந்த வகையில் முதுமையால் செத்தது என்று இதுவரை ஒன்றுகூட இல்லை.

படி 6: சூரியன் போன்றவற்றின் முதுமை

“அண்ணா, சூரியன் அணைஞ்சிட்டா இன்னா ஆவும்?” என்று ஒரு பையன் கேட்டான். ரோகிணியைக் காட்டினேன்.

கருவில் ஹைட்ரஜன் தீர்ந்ததும் அங்கே தள்ளுவதற்கு ஆளில்லை. கரு சுருங்கிச் சூடேறும். அதைச் சுற்றியுள்ள அடுக்கில் ஹைட்ரஜன் முன்பைவிட மும்முரமாக இணையும். அந்த வெப்பத்தில் வெளிப்பகுதி உப்பும். உப்புவதால் மேற்பரப்பு குளிர்ந்து சிவக்கும். இஸ்திரிப் பெட்டியில் கரி தணியும்போது வெளிர் மஞ்சளிலிருந்து செம்மைக்கு வருவதைப் பார்த்திருப்பீர்கள். சிவப்பு குறைந்த சூட்டின் நிறம். ரோகிணி சூரியனைவிடக் கொஞ்சம்தான் எடை கூடியது, ஆனால் இப்போது 40 மடங்குக்கு மேல் அகலமாகி நிற்கிறது. சூரியனுக்கு இந்த நிலை வர இன்னும் சுமார் 500 கோடி ஆண்டு. புதனையும் வெள்ளியையும் அது விழுங்கிவிடும். பூமி தப்புமா என்பதில் வானியலாளர்களிடம் ஒருமித்த கருத்து இல்லை. அதற்கு வெகு முன்பே, 100 கோடி ஆண்டுக்கு 10 சதவீதம் என்ற அளவில் சூரியன் பிரகாசமாகிக்கொண்டே போவதால், கடல்கள் வற்றிவிடும்.

பிறகு கருவில் ஹீலியம் இணைந்து கார்பனும் ஆக்சிஜனும் ஆகும். அதுவும் தீர்ந்ததும் நட்சத்திரம் விம்மித் தணிந்து விம்மித் தணிந்து மேலடுக்குகளை ஊதி வெளியேற்றிவிடும். நம் ஊருக்கு இதில் ஒரு பங்கு உண்டு. நுங்கம்பாக்கத்தில் இருந்த மெட்ராஸ் வானாய்வு நிலையத்தில் பணிபுரிந்த சிந்தாமணி ரகுநாதாச்சாரி, 1867-இல் கண்டறிந்த ‘ஆர் ரெட்டிகுலி’ இப்படி விம்மித் தணியும் வயதான நட்சத்திரம்தான்.

மிஞ்சும் கரு பூமி அளவே இருக்கும். எடையோ சூரியனில் பாதிக்கு மேல். அதுதான் வெள்ளைக் குள்ளன். சிரியஸைப் பாருங்கள்: அதற்கு ஒரு துணை உண்டு, 1862-இல் அமெரிக்காவில் ஆல்வன் கிரஹாம் கிளார்க் முதலில் பார்த்தார். சூரியன் அளவு எடை, பூமி அளவு உடம்பு. அதில் ஒரு கற்கண்டு அளவு ஒரு டன்னுக்கு மேல் கனக்கும். நம் கண்ணுக்கு எட்டாது; சிரியஸின் வெளிச்சம் அதை மூழ்கடித்துவிடுகிறது.

அடுப்பே இல்லாத இந்தப் பிணத்தை நசுங்காமல் தாங்குவது எது? இங்கேதான் 19 வயது மெட்ராஸ் பையன் ஒருவன் வருகிறான்.

படி 7: சந்திரசேகர் போட்ட கோடு

சுப்ரமணியன் சந்திரசேகர் பிறந்தது 1910-இல் லாகூரில். படித்தது திருவல்லிக்கேணி இந்து உயர்நிலைப் பள்ளியிலும் மாநிலக் கல்லூரியிலும். 1930-இல் பம்பாயிலிருந்து இங்கிலாந்துக்குக் கப்பலேறினார். அந்தப் பயணத்தில் போட்ட கணக்குதான் நட்சத்திரச் சாவை இரண்டாகப் பிரித்தது.

கணக்கின் சாரம் இது. இரண்டு எலக்ட்ரான்கள் ஒரே நிலையில் இருக்க முடியாது. கும்மிடிப்பூண்டி லோக்கலில் உட்காரும் இடம் நிரம்பிவிட்டால் அடுத்தவர் மடியிலா உட்காருவார்? வேறிடம்தான் தேட வேண்டும். எலக்ட்ரான்களுக்கு அந்த வேறிடம் என்பது இன்னும் அதிக வேகம். நெருக்க நெருக்க வேகம் கூடும், வேகம் கூடினால் அழுத்தம் கூடும். இதற்கு வெப்பம் தேவையில்லை. ஆறிய பிறகும் தாங்கும். ஆனால் எடை கூடக்கூட எலக்ட்ரான்கள் ஒளியின் வேகத்தை நெருங்கும். அதற்கு மேல் வேகம் என்று ஒன்று இயற்கையில் இல்லை. ஆகவே தாங்கும் சக்திக்கும் உச்சவரம்பு வந்துவிடுகிறது: சூரியனைப் போல சுமார் 1.4 மடங்கு. அதைத் தாண்டிய கருவை எலக்ட்ரான்களால் தாங்கவே முடியாது.

1935 ஜனவரியில் லண்டனில் இதை அவர் விளக்கியபோது, அன்றைய பெரிய வானியலாளர் ஆர்தர் எடிங்டன் எல்லோர் முன்னிலையிலும் மறுத்துப் பேசினார். 24 வயது இளைஞருக்கு அது எப்படி இருந்திருக்கும் என்று நினைத்தாலே மனம் கனக்கிறது. கணக்கு சரி என்பது பின்னால் நிலைபெற்றது. நோபல் பரிசு வந்தது 1983-இல். ராயபுரத்திலிருந்து மாநிலக் கல்லூரி சில கிலோமீட்டர் தூரம்தான் என்பதை ஒவ்வொரு பிள்ளையிடமும் சொல்லாமல் விடமாட்டேன்.

படி 8: பெரியவற்றின் சாவு

இப்போது திருவாதிரை. மார்கழியில் களி படைக்கும் அதே ஆதிரைதான். சூரியனைப் போல 15 மடங்குக்கு மேல் எடை, பல நூறு மடங்கு அகலம். நம் சூரியன் இருக்கும் இடத்தில் வைத்தால் செவ்வாயின் பாதையையும் தாண்டி நிற்கும். வயது ஒரு கோடி வருடத்தையொட்டித்தான், ஆனாலும் கடைசிக் கட்டத்துக்கு வந்துவிட்டது.

இப்படிப்பட்ட நட்சத்திரத்தில் ஹீலியத்தோடு கதை முடியாது. கார்பன், நியான், ஆக்சிஜன், சிலிக்கான் என்று ஒவ்வொன்றாக இணைந்து, உள்ளே வெங்காயம்போல அடுக்கடுக்காகிவிடும். கட்டங்கள் குறுகிக்கொண்டே போகும். சூரியனைப் போல 25 மடங்கு எடை என்றால் கார்பன் சில நூறு வருடம், ஆக்சிஜன் சில மாதம், சிலிக்கான் ஒரே நாள். கடைசியில் வருவது இரும்பு. இரும்பு அணுக்கருக்களை இணைத்தால் சக்தி கிடைக்காது, செலவாகும். அடுப்பில் போட்டது விறகல்ல, கருங்கல். இரும்புக் கரு சந்திரசேகர் எல்லையைத் தொட்ட கணத்தில், பூமி அளவு இருந்தது ஒரு நொடிக்கும் குறைவான நேரத்தில் இடிந்து விழுகிறது.

எலக்ட்ரானும் புரோட்டானும் நசுங்கி நியூட்ரானாகும். அப்போது வெளியேறும் சக்தியில் 99 சதவீதம் நியூட்ரினோ என்ற துகள்களாகப் போய்விடும். மிச்சமே நட்சத்திரத்தைச் சிதறடித்துச் சூப்பர்நோவா ஆக்கப் போதும். 1987 பிப்ரவரியில், 1.6 லட்சம் ஒளியாண்டு தள்ளி ஒன்று வெடித்தபோது, ஒளி தென்படும் முன்பே ஜப்பான், அமெரிக்கா, ரஷ்யாவில் நிலத்தடியில் இருந்த கருவிகள் இரண்டு டஜன் நியூட்ரினோக்களைப் பிடித்தன. கோட்பாடு சொன்னது அப்படியே நடந்திருந்தது.

திருவாதிரையிலிருந்து இன்னும் இடப்பக்கம், நீட்டிய கையின் முஷ்டி ஒன்றரை அளவு தள்ளி, நண்டு நெபுலா இருக்கிறது. தொலைநோக்கி இருந்தால்தான் தெரியும். 1054 ஜூலையில் சீனர்கள் பகலிலும் பார்த்து எழுதிவைத்த வெடிப்பின் எச்சம். அதன் நடுவில், அப்படி நசுங்கி மிஞ்சிய கருவான ஒரு நியூட்ரான் நட்சத்திரம் நொடிக்கு 30 முறை சுழல்கிறது. அகலம் சுமார் 20 கிலோமீட்டர், அதாவது சென்ட்ரலிலிருந்து மீஞ்சூர் வரை கோடு இழுத்தாற்போல. அதற்குள் சூரியனைவிட அதிக எடை.

கரு இன்னும் கனம் என்றால் நியூட்ரான்களாலும் தாங்க முடியாது. அப்போது, ஒளிகூடத் தப்ப முடியாத கருந்துளை. அது எல்லாவற்றையும் உறிஞ்சிவிடும் என்ற பயம் வேண்டாம். சூரியனை எடுத்துவிட்டு அதே எடையில் ஒரு கருந்துளையை வைத்தால் பூமி இருட்டில் உறையும், ஆனால் சுற்றும் பாதை மாறாது.

வெடித்ததும் ஊதியதும் மேகத்துக்கே திரும்பிப் போகின்றன. நாம் மூச்சு விடும் ஆக்சிஜனில் பெரும்பகுதி பெரிய நட்சத்திரங்களில் வெந்தது. காசிமேட்டில் ஏலம் போகும் மீனின் முள்ளில் உள்ள கால்சியம் சூப்பர்நோவாக்கள் தந்தது. அடகுக் கடைக்கும் வீட்டுக்குமாக அலையும் தங்கத்துக்கு, நியூட்ரான் நட்சத்திரங்கள் இரண்டு மோதுவது ஒரு முக்கிய ஊற்று என்பதை 2017 ஆகஸ்ட் 17 அன்று பதிவான மோதல் காட்டியது.

படி 9: நோட்டுப் புத்தகம்

பார்த்ததோடு விடாதீர்கள். வாரம் ஒரு நாள், ஒரே நேரத்தில், திருவாதிரையை ரைஜலோடும் ரோகிணியோடும் ஒப்பிட்டு எது பிரகாசம் என்று தேதி போட்டு எழுதுங்கள். வழக்கமாக ரைஜல் முதல், திருவாதிரை அடுத்து, ரோகிணி அதற்கும் கீழே. 2019 கடைசியிலிருந்து 2020 பிப்ரவரி வரை திருவாதிரை மங்கி ரோகிணிக்கும் கீழே இறங்கிவிட்டது. தானே உமிழ்ந்த தூசு மறைத்ததுதான் காரணம் என்று பின்னர் தெரிந்தது. வெறும் கண்ணால் பிடிக்கக்கூடிய மாற்றம் அது.

அது வெடிப்பது இன்னும் ஒரு லட்சம் வருடத்துக்குள் எப்போது வேண்டுமானாலும் இருக்கலாம். 500 ஒளியாண்டுக்கும் மேல் தள்ளி இருப்பதால் நமக்கு ஆபத்தில்லை. வெடித்த சேதி வந்து சேரும் இரவில், துறைமுக விளக்குகள் எத்தனை எரிந்தாலும், அரைநிலா அளவு வெளிச்சத்தோடு ஒரு புள்ளி கடலுக்கு மேலே எழும். மறுநாள் பகலிலும் தெரியும். நோட்டில் அன்றைய தேதிக்கு நேராக ரைஜலையும் ரோகிணியையும் எழுத வேண்டியிருக்காது.